மென்பொருளை மாற்றுவதா, எமது பழக்கத்தை மாற்றுவதா?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது மாவனல்லைப் பக்கமிருந்து ஒரு வாசகர் அழைத்தார். வாகன உதிரிப்பாக வியாபாரம் செய்பவர். இரண்டு கடைகள், ஒன்பது ஊழியர்கள், ஏறத்தாழ முந்நூறு கராஜ்கள் அவரது வாடிக்கையாளர்கள். பஞ்சிகாவத்தையில் சாமான் எடுத்து அங்கே கொண்டுபோய் விற்கிறார். வாடிக்கையாளர் விபரங்களைக் கணினியில் வைத்துக்கொள்வதற்கு ஒரு மென்பொருளைப் பேசி முடித்திருக்கிறார். அதன் வருடக் கட்டணம் அவரால் தாங்கக்கூடியதுதான். ஆனால், அதை அவருடைய கடைக்குப் பொருந்தும் விதத்தில் மாற்றியமைத்துத் தருவதற்கு வேறாக ஏழரை இலட்சம் ரூபா கேட்கிறார்களாம்.

“வட்டிக்கு எடுக்க மாட்டேன் நானா. மகளுடைய படிப்புக்கென்று ஒதுக்கி வைத்த காசு இருக்கிறது. செய்யவா, வேணாமா?” என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “கொட்டேஷனை வட்ஸ்அப்பில் அனுப்புங்க தம்பி, ஒரு கிழமை தாங்க” என்றேன். இதே கேள்விக்கு என் சொந்த வியாபாரத்தில் இரண்டு தடவை நான் விடை கண்டாக வேண்டியிருந்தது. முதல் தடவை கண்ட விடை பிழை. அந்தப் பிழையின் விலை அவரிடம் கேட்கப்பட்ட தொகையை விடக் கூடியது. அவருக்குச் சொன்னவற்றை இந்த வாரம் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். நான் கணினி படித்தவனல்ல. உயர்தரம் எழுதிய கையோடு வாப்பாவின் புடவைக் கடைக்கு வந்தவன். எனவே ஒரு வியாபாரியின் கணக்காகவே இதை வாசியுங்கள்.

வாப்பாவின் கொப்பி

சீ.ஆர்.எம். என்று கம்பனிக்காரர்கள் சொல்லும் வாடிக்கையாளர் தொடர்பு முகாமைத்துவ மென்பொருளைப் பற்றிக் கேள்விப்படும்போது எம்மவர் பலர் அது ஏதோ பெரிய கம்பனிகளின் விடயம் என்று நினைக்கிறார்கள். என் வாப்பாவிடம் நீல மட்டை போட்ட ஒரு நீளக் கொப்பி இருந்தது. கணக்குப் புத்தகம் வேறு, இது வேறு. அக்கரைப்பற்றுக் கடையின் பெயருக்கு நேரே, “பெரும்போக அறுவடை முடிந்து மார்ச்சில்தான் காசு, அதற்கு முன் நெருக்கக் கூடாது” என்றிருக்கும். மாத்தளைக் கடைக்கு நேரே, “கறுப்பு நிறம் எடுக்க மாட்டார்.” இன்னொன்றில், “மகனுக்குக் கடன் கொடுக்கலாம், தகப்பன் பொறுப்பு.” எவ்வளவு வரவேண்டும் என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லும். அந்த மனிதரோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இந்தக் கொப்பி சொல்லும். சீ.ஆர்.எம். என்பது அந்தக் கொப்பிதான். கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்கக்கூடிய, வெளியூரில் நிற்கும் ரெப்பும் பார்க்கக்கூடிய கொப்பி.

2009இல் வாப்பா வஃபாத்தானார். கொப்பி எனக்கு வந்தது. அதில் பாதிக் குறிப்புகள் அரபுத் தமிழில் இருந்தன. என்னால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது, கடையில் வேறு எவராலும் முடியவில்லை. கணினிக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

முதல் தடவை

2011இல், யாரும் இலவசமாக எடுத்து விரும்பியபடி மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றை ஒருவர் அறிமுகப்படுத்தினார். அதை மாற்றித் தர கெட்டிக்கார இளைஞர் ஒருவரும் கிடைத்தார். பேசிய கூலி ஒன்றரை இலட்சம். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அது வாப்பாவின் கொப்பி போலவே இருக்க வேண்டும். ஊர்களின் வரிசை, பக்கத்தின் அமைப்பு, நாங்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்கள் எல்லாம் அப்படியே வர வேண்டும். அந்தப் பிள்ளை ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. வாரா வாரம் எனக்கு ஒரு புதிய யோசனை வரும், அவர் நிரலைத் திறந்து எழுதுவார். பதினான்கு மாதங்களில் ஒன்றரை இலட்சம் நான்கு இலட்சமாகியது. கடைக்கு வருபவர்களுக்கெல்லாம் பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினேன்.

2013இல் அவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. நல்ல வேலை, சந்தோஷமாகத்தான் வழியனுப்பினேன்.

2015 நோன்பு சீசனுக்குச் சற்று முன்னர், மே மாதத்தில் ஒரு காலை, திரை வெறுமையாக இருந்தது. எமது மென்பொருள் பீ.எச்.பீ. என்ற மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியின் 5.3ஆம் பதிப்புக்கான ஆதரவு 2014 ஆகஸ்டிலேயே நின்றுவிட்டது. எமக்கு இணைய இடம் வாடகைக்குத் தந்தவர்கள் பழைய பதிப்பை அகற்றிப் புதியதைப் போட்டார்கள். அவர்கள் பக்கத்தில் அது நியாயமானதே. எமது மென்பொருளைத் தயாரித்தவர்களும் புதிய பதிப்புக்குப் பொருந்தும் திருத்தத்தை இலவசமாகவே வெளியிட்டிருந்தார்கள். உலகம் முழுவதும் அதைப் பாவித்தவர்கள் ஒரு மணித்தியாலத்தில் திருத்திக்கொண்டார்கள். எம்மால் முடியவில்லை. அந்தத் திருத்தத்தைப் போட்டால், நான்கு இலட்சம் கொடுத்து மாற்றிய கோப்புகளின் மேலேயே அது எழுதப்பட்டுவிடும். போடாவிட்டால் திரை வெறுமையாகவே இருக்கும். எந்தக் கோப்பில் எதை மாற்றினார் என்று அந்தப் பிள்ளை எழுதி வைக்கவில்லை, எழுதும்படி நான் கேட்கவுமில்லை.

பத்தொன்பது நாட்கள் அப்படிப் போயின. அந்த நாட்களில் புதிதாகச் சேர்ந்திருந்த ரெப் குருநாகல் வழியாகப் போனார். அங்கே ஒரு கடைக்காரர் பதினொரு இலட்சத்துக்கு ஓடர் கொடுத்தார், மூன்று பின்திகதியிட்ட காசோலைகள். “இவருக்கு இரண்டு செக் திரும்பியிருக்கிறது, கைக்காசுக்கு மட்டும்” என்ற குறிப்பு எமது மென்பொருளுக்குள் இருந்தது. அதைத் திறக்க வழியில்லை. எனக்கோ சீசன் பரபரப்பில் நினைவில்லை. சாமான் போனது. மூன்று காசோலைகளும் திரும்பின. 2017 வரை அலைந்து நான்கு இலட்சம் எடுத்தேன். மிச்சம் வரவில்லை.

இதில் மென்பொருளையோ அந்தப் பிள்ளையையோ நான் குறை சொல்ல மாட்டேன். என் மனதுக்கு இதமாக இருந்ததையெல்லாம் மாற்றச் சொன்னது நான்தான்.

கையைக் குறைப்பதும் தோளை வெட்டுவதும்

ரெடிமேட் சேட் ஒன்றின் கை நீளமாக இருந்தால் எந்தத் தையற்காரரும் அரை மணித்தியாலத்தில் மடித்துத் தைத்துத் தருவார். இடுப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் தோள்பட்டையை மாற்றச் சொன்னால் நல்ல தையற்காரர் தலையை ஆட்டி மறுப்பார். தோளை அவிழ்த்தால் கையும் கழுத்தும் சேர்ந்து அவிழும். மென்பொருளும் இப்படித்தான் என்பதை நான் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

விற்பவர்கள் “உங்களுக்கேற்ப மாற்றித் தருகிறோம்” என்று ஒரே வசனத்தில் சொல்லும்போது அதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, மென்பொருளே அனுமதிக்கும் அமைப்புகளை மாற்றுவது. ஒரு பெட்டியைச் சேர்ப்பது, தேவையற்றதை மறைப்பது, பெயரை மாற்றுவது, யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது போன்றவை. இதற்கு நிரல் எழுதத் தேவையில்லை, புதிய பதிப்பு வந்தாலும் பொதுவாக இவை அப்படியே இருக்கும். கடையிலுள்ள ஒரு பிள்ளை இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். இரண்டாவது, வெளியே வேறொரு சிறிய நிரலை எழுதி, மென்பொருள் அதற்கென்று திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாக இணைப்பது. மூன்றாவது, மென்பொருளின் உள்ளே கைவைத்து நிரலையே மாற்றி எழுதுவது. அதுதான் தோளை வெட்டும் வேலை. நான் 2011இல் செய்ததும் அதுதான். இன்று இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் மென்பொருள்கள் பலவற்றில் மூன்றாவதைச் செய்யவே விடமாட்டார்கள். அதில் ஒரு நன்மை இருக்கிறது.

நிரலுக்குள் எழுதுவதன் ஆபத்துக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரப் பொருள் வியாபாரம் செய்யும் என் நண்பருக்கு, வாடிக்கையாளருக்கு விலை கொடுக்கும் படிவத்தை அழகாக அச்சிடும்படி ஒருவர் எழுதிக் கொடுத்தார். அப்போது பெறுமதி சேர் வரி 15 சதவீதம். அந்த 15ஐ அவர் நிரலின் உள்ளேயே, ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் எழுதிவிட்டார். 2019 டிசம்பரில் வரி 8 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. ஒவ்வொரு தடவையும் நண்பர் ஆளைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்தார். அந்த எண்ணை அமைப்புப் பக்கத்தில் ஒரு பெட்டியில் வைத்திருந்தால், கடையிலுள்ள எவரும் ஒரு நிமிடத்தில் மாற்றியிருப்பார்.

பெரிய உலகத்திலும் இதே கதைதான் நடந்தது. 1993இல் அமெரிக்காவில் ஆரம்பித்த சீபெல் என்ற கம்பனி இத்துறையில் ஒரு காலத்தில் முன்னணியில் இருந்தது. அதை வாங்கிய பெரிய நிறுவனங்கள் தமக்கேற்ப மாற்றுவதற்கே மாதக்கணக்கில் ஆட்களை வைத்திருந்தன. 1999இல் வந்த சேல்ஸ்போர்ஸ், ஒன்றையும் உங்கள் கணினியில் நிறுவ வேண்டாம், வாடகைக்கு எடுத்து அப்படியே பாவியுங்கள் என்று சொல்லி அந்தச் சந்தைக்குள் நுழைந்தது. 2005இல் ஒரக்கிள் கம்பனி சீபெலை ஏறத்தாழ 585 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. திறந்த மூலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2004இல் ஆரம்பித்த சுகர் சீ.ஆர்.எம்., தனது அடுத்த பெரிய பதிப்பில் இலவச வடிவம் இருக்காது என 2014இல் அறிவித்தது. (நான் பாவித்தது வேறொன்று.) அந்த இலவசப் பதிப்பிலிருந்து பிரிந்து 2013இலேயே சுவிட் சீ.ஆர்.எம். உருவாகியிருந்தது. மென்பொருளை அதிகம் மாற்றாமல் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பக்கம் போவது இலகுவாக இருந்தது.

முறைப்பாட்டுக் கொப்பி

2018இல் இரண்டாம் தடவை முயன்றேன். இம்முறை இணைய வழி வாடகை மென்பொருள், எட்டுப் பேருக்கு. ஒரு நிபந்தனை வைத்தேன். ஆறு மாதங்களுக்கு எவருக்கும் காசு கொடுத்து ஒன்றையும் மாற்றுவதில்லை. மேசையில் ஒரு கொப்பி இருக்கும். மென்பொருளில் எது தொந்தரவாக இருந்தாலும் திகதியும் பெயரும் போட்டு அதில் எழுத வேண்டும். ஆறு மாதத்தில் நாற்பத்தேழு முறைப்பாடுகள் சேர்ந்தன. அவற்றில் சிலவற்றை விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடையிலும் இவைதான் வரும்.

முதல் நாளே வந்தது பெயர்ப் பிரச்சினை. மேற்கத்திய மென்பொருள்கள் குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும். எமக்கு எங்கே குடும்பப் பெயர்? மூன்று முதலெழுத்தும் ஒரு பெயரும்தான். நிரலை மாற்ற வேண்டும் என்று மருமகன் சொன்னார். முழுப் பெயரையும் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள், மற்றப் பெட்டியைக் காலியாக விடுங்கள் என்றேன். இன்றும் அப்படித்தான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

அடுத்தது அதைவிடச் சிக்கலானது. முஹம்மத் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். ஒரே கடை மூன்று பெயரில் பதிவாகியிருந்தது, கடன் எல்லையும் மூன்று தடவை கொடுக்கப்பட்டிருந்தது! பெயரை உச்சரிப்பால் தேடும் வசதி எழுதித் தர எண்பதாயிரம் கேட்டார்கள். கடைசியில், கையடக்கத் தொலைபேசி இலக்கம் இரண்டாம் தடவை பதிவாகக் கூடாது என்ற ஒரு சிறிய அமைப்பைப் போட்டோம். பெயரால் தேடாதீர்கள், இலக்கத்தால் தேடுங்கள் என்று ரெப்மாரைப் பழக்கினோம். ஒரு சதமும் செலவில்லை.

அக்கரைப்பற்றின் அறுவடைத் தவணை வாப்பாவின் கொப்பியில் இருந்ததை மேலே சொன்னேன். மென்பொருளில் 30 நாள், 60 நாள் என்றுதான் இருந்தது. பெரும்போகம், சிறுபோகம் என்ற இரண்டு தெரிவுகளை அந்தப் பட்டியலில் நாமே சேர்த்துக்கொண்டோம். ரமழானில் ஸகாத் கணக்கிடும்போது அன்றைய திகதிக்கு வரவேண்டிய கடன்களின் பட்டியல் தேவை. ஹிஜ்ரி நாட்காட்டியையே உள்ளே சேர்க்கலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். வருடத்தில் ஒரு நாள் தேவைப்படும் விடயத்துக்கு எதற்கு? அன்று காலை பட்டியலை எக்செலுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

சில முறைப்பாடுகளில் பிழை எம் பக்கம்தான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் கழிவு கொடுத்தால் ஓடர் என்னுடைய அனுமதிக்காகக் காத்து நின்றது. அதை நீக்க வேண்டும் என்று ரெப்மார் நால்வரும் எழுதியிருந்தார்கள், முதலில் நானும் ஒத்துக்கொண்டேன். நான்காம் மாதம் பார்த்தபோது, முன்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்த கழிவு எவ்வளவு என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த முறைப்பாட்டை நானே வெட்டினேன். இன்னொன்று, கடைக்குப் போய் வந்தபின் ரெப் நிரப்ப வேண்டிய படிவம். இருபத்திரண்டு பெட்டிகள். வெயிலில் வேனில் திரிபவன் இருபத்திரண்டு பெட்டி நிரப்புவானா? ஆறாகக் குறைத்தோம். அதன் பிறகுதான் உண்மையான தகவல் வரத் தொடங்கியது.

இப்படியே நாற்பத்தாறு போயின. ஒன்று மட்டும் மிஞ்சியது.

மிஞ்சிய ஒன்று

எமது வியாபாரம் காசோலையில் ஓடுகிறது என்பது புறக்கோட்டையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு பில்லுக்கு மூன்று பின்திகதியிட்ட காசோலைகள் வரும். அதில் ஒன்று அவருடையது, மற்றது அவருக்கு வேறொருவர் கொடுத்தது. ஒன்றை வங்கியில் போட வேண்டாம், இரண்டு கிழமை பொறுங்கள் என்பார். இன்னொன்று திரும்பும், அதற்குப் பதிலாகப் பாதி காசும் பாதி புதிய காசோலையும் வரும். எமது மென்பொருளைப் பொறுத்தவரை பணம் ஒரு திகதியில் வந்தது அல்லது வரவில்லை, அவ்வளவுதான். பெட்டியைச் சேர்த்துப் பார்த்தோம், பட்டியல் போட்டுப் பார்த்தோம், எமது பழக்கத்தை மாற்ற முடியுமா என்றும் யோசித்தோம். பழக்கத்தை மாற்றுவதானால் பாதி வாடிக்கையாளரை விட்டுவிட வேண்டும்.

அக்கரைப்பற்றில் ஒரு கடை வாசலில் நிற்கும் ரெப்புக்கு, ஓடர் எழுதுவதற்கு முன் மூன்று விடயங்கள் தெரிய வேண்டும். இன்னும் திகதி வராத காசோலைகளின் மொத்தம், கடந்த பன்னிரண்டு மாதத்தில் திரும்பியவை, பிறருடைய காசோலைகள் எத்தனை. குருநாகலில் நான் இழந்ததும் இந்தத் தகவல் இல்லாமல்தான். இதற்கு மட்டும் காசு செலவழிக்கத் தீர்மானித்தேன்.

இம்முறை உள்ளே கை வைக்கவில்லை. காசோலைகளுக்கென்று ஒரு சிறிய நிரலைத் தனியாக எழுதுவித்து, மென்பொருளின் வாசல் வழியாக இணைத்தோம். செலவு ஒரு இலட்சத்து எண்பதாயிரம். எழுதிய நிரலின் பிரதி எம்மிடம் இருக்க வேண்டும், என்ன செய்யப்பட்டது என்பது எழுத்தில் இருக்க வேண்டும், வேறொரு நிரலாளர் அதை வாசித்து விளங்குகிறது என்று சொல்ல வேண்டும், மூன்றில் ஒரு பங்குப் பணம் மூன்று மாதம் கழித்துத்தான் என்று பேசிக்கொண்டோம். எழுதியவர் முகம் சுளித்தார், ஆனாலும் சம்மதித்தார்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் மென்பொருள் கம்பனி தனது வாசலை மாற்றியபோது இரண்டு நாட்கள் இணைப்பு அறுந்தது. அந்த இரண்டு நாளும் அச்சிட்ட பட்டியலைப் பார்த்து வேலை செய்தார்கள். வாடிக்கையாளர் விபரம் முழுவதும் வழமைபோல் திறந்திருந்தது. பராமரிப்புக்கென்று இன்றுவரை மேலும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் போயிருக்கிறது. எந்த மாற்றத்துக்கும் கொட்டேஷனில் உள்ள தொகை முதல் தவணை மாத்திரமே, அதை வைத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் செலவு உண்டு.

வாடகை மென்பொருளிலும் வேறொரு அடி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எமது வாடகை ஆளுக்கு மாதம் 14 டொலர். எட்டுப் பேருக்கு 112 டொலர். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா, எனவே 22,400 ரூபா. அதே வருடம் மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தொட்டது, அதே வாடகை 40,320 ரூபா. நாட்டில் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம், விற்பனை பாதியாகக் குறைந்திருந்தது. எட்டுப் பேரை ஐந்தாகக் குறைத்தோம். நிரலை உள்ளே மாற்றியிருக்காததால், தேவையென்றால் எல்லாத் தகவல்களையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம் என்ற தைரியம் அப்போது இருந்தது. போகவில்லை, ஆனாலும் அந்தத் தைரியத்தில்தான் தூங்கினேன்.

அதிகமாக மாற்றித்தான் ஆக வேண்டிய தொழில்களும் உண்டு. ஹஜ், உம்ரா முகவர் ஒருவருக்கு கடவுச்சீட்டு, விசா, மஹ்ரம் விபரம், குழு, தவணைப் பணம் என்று எல்லாமே வேறு. அவர் பொதுவான மென்பொருளை வாங்கி உருமாற்றுவதை விட, அந்தத் தொழிலுக்கென்றே செய்யப்பட்ட ஒன்று கிடைக்குமா என்று முதலில் தேடுவது நல்லது. சேர்க்கும் பெட்டிகளிலும் கவனம் தேவை. வாப்பாவின் கொப்பியில் வாடிக்கையாளரின் குடும்ப விடயங்களும் இருந்தன. ஐந்து பேர் பார்க்கும் திரையில் அவற்றை நான் ஏற்றவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, அது எம்மை நம்பிச் சொன்ன அமானிதம்.

மாவனல்லைக் கொட்டேஷன்

இனி அந்த வாசகரின் விடயத்துக்கு வருவோம். அவர் அனுப்பிய கொட்டேஷனில் பதினான்கு வரிகள். ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் வாசித்தோம். எட்டு, அமைப்புப் பக்கத்தில் அவர் தாமாகவே செய்யக்கூடியவை. மூன்று, அவருடைய காரியாலயப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றினால் தேவைப்படாதவை. இரண்டு, அவரிடம் ஏற்கனவே இருக்கும் கணக்கு மென்பொருள் செய்கின்ற வேலை. கடைசி ஒன்று, ரெப் எந்த வீதியில் நிற்கிறார் என்று வரைபடத்தில் காட்டுவது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. 2012இல் நானும் அதைத்தான் ஆசையோடு கேட்டேன். ரெப்மார் தொலைபேசியை ஒரு தேநீர்க் கடையில் வைத்துவிட்டு வேறு எங்கோ போனார்கள்.

பிறகு, “தம்பி, ஒரு கராஜ்காரர் உங்களிடம் எப்படிச் சாமான் எடுக்கிறார்? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க” என்றேன்.

அவர் சொன்னார். கராஜிலிருந்து பையன் வருவான். வாகனத்துக்கு எது பொருந்தும் என்று நிச்சயமில்லாததால் இரண்டு மூன்று பாகங்களை ஒன்றாகக் கொண்டுபோவான். பொருந்தியதை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தருவார்கள். சிலர் அன்றைக்கே தருவார்கள், சிலர் மாதக்கணக்கில் தரமாட்டார்கள். சிலர் எண்ணெய் பட்ட பெட்டியோடு தருவார்கள். யாரிடம் எத்தனை பாகம் நிற்கிறது என்பது கவுண்டரில் நிற்கும் அவருடைய தம்பியின் நினைவிலும், கம்பியில் குத்தி வைத்த துண்டுகளிலும் இருக்கிறது. எந்தக் கராஜை நம்பிக் கொடுக்கலாம் என்பதும் அப்படித்தான்.

“இது இந்தப் பதினான்கில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன்.

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இல்லை நானா. இதை நான் அவர்களிடம் சொல்லவேயில்லை” என்றார்.

அவர் வருடக் கட்டணத்தை மாத்திரம் கட்டினார். மாற்றங்களை ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போட்டு, மேசையில் ஒரு கொப்பியும் வைத்திருக்கிறார். போன கிழமை மீண்டும் அழைத்தார். பதினேழு நாட்களில் இருபத்தொரு முறைப்பாடுகள், அதில் ஒன்பது அவருடைய தம்பியின் கையெழுத்தில். கம்பியில் குத்திய துண்டுகளையெல்லாம் இருவருமாக இரண்டு இரவு உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். திரும்பி வராமல் கராஜ்களில் நிற்கும் பாகங்களின் பெறுமதி இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் ரூபா. அதில் பெரும்பகுதி நான்கே நான்கு கராஜ்களில். சனிக்கிழமை தம்பியை அனுப்புவதாகச் சொன்னார். மகளுடைய காசு வங்கியில் அப்படியே இருக்கிறதாம்.